சிஸ்டர் பதில்கள்: மருந்தைக் கூட்டுமுன் வயிற்றைத் தடவிப் பாருங்கள்

வீட்டிலேயே தோலுக்கடியில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்து இரண்டு நாள் படித்தேன். பாதிக்கு மேல் இன்சுலின் பற்றியவை. முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அதில் கடைசிப் பதினான்கு வருஷம் சர்க்கரை நோய்ப் பிரிவில், ஊசி போடச் சொல்லிக்கொடுக்கிற நாற்காலியில். அங்கே கேட்ட அதே கேள்விகள் இன்றும் வருவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பல வருஷமாக ஊசி போடுகிறவர்களைக்கூட இன்னும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பதினோரு வருஷமாக இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசிக் கருவி) போடுகிறேன், காலையும் இரவும். போன வருஷம் காலையில் 22 யூனிட். இப்போது 38. அப்படியும் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 250-க்குக் கீழே இறங்குவதில்லை. ஆனால் சில நாள் திடீரென்று கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. ஊசி வலிக்க ஆரம்பித்தால்தான் மாற்றுவேன். ஒரு ஊசி பத்துப் பன்னிரண்டு நாள் வரும். தொப்புளுக்கு வலப்பக்கம் ஓர் இடத்தில் வலியே இல்லை, அங்கேதான் போடுவேன். மருந்து போலியாக இருக்குமா?" (58 வயது வாசகி, காரைக்குடி)

அம்மா, மருந்தைச் சந்தேகப்படும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். குளிக்கும்போது வயிற்றில் சோப்பு நுரை இருக்கையில் விரல் நுனிகளை அழுத்தி மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். வலப்பக்கம் வலிக்காத அந்த இடத்துக்கு வரும்போது விரல் ஏதோ ஒன்றின்மேல் ஏறி இறங்கும். சிலருக்கு மாவு உருண்டை மாதிரி, சிலருக்கு ரப்பர் மாதிரி கெட்டியாக. மற்ற இடத்துத் தோலைக் கிள்ளினால் மெல்லிசாக வரும். அங்கே கிள்ளவே வராது, வந்தாலும் தடிப்பாக வரும். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அங்கே கட்டி இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அது புற்றுக்கட்டி இல்லை, பயப்பட வேண்டாம். கொழுப்புத் திரட்சி. இன்சுலினுக்குக் கொழுப்புத் திசுவை வளர்க்கும் குணம் உண்டு. ஒரே இடத்தில் நாள்தோறும் மருந்து சேர்ந்து, மழுங்கிய ஊசியால் அந்த இடம் அடிபட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்புப் பெருகிக் கெட்டிப்படுகிறது. அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு. அதனால்தான் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதாலேயே கை தானாக மறுபடியும் அங்கே போகிறது.

கட்டிக்குள் போட்ட இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒரு நாள் தேங்கி நிற்கும், சர்க்கரை ஏறும். இன்னொரு நாள் எதிர்பாராத நேரத்தில் இறங்கும், உங்களுக்குக் கை நடுங்கும். டாக்டர் தாளில் இருக்கும் எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுகிறார். நீங்கள் கூடுதல் மருந்தையும் அதே கட்டிக்குள் போடுகிறீர்கள். 2013-ல் ஸ்பெயினில் இன்சுலின் போடும் 430 பேரின் உடம்பைத் தடவிப் பார்த்து ஓர் ஆய்வு வெளியானது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கட்டி இருந்தது. சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்குவது அவர்களிடம்தான் அதிகம். என் நாற்காலிக்கு வந்தவர்களிடம் நான் பார்த்ததும் இதைத்தான்.

இனி எச்சரிக்கையாகக் கேளுங்கள். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும் அன்றே 38 யூனிட்டைப் போட்டுவிடாதீர்கள். இதுவரை பாதி வீணான மருந்து அன்று முழுதாகச் சேரும், சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். கட்டியை டாக்டரிடம் காட்டுங்கள், அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை யூனிட் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும். முதல் இரண்டு வாரம் விரலில் குத்திப் பார்க்கும் சோதனையை அதிகமாகச் செய்யுங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இடம் மாற்றுவது எப்படி என்றால், தொப்புளை நடுவாக வைத்து வயிற்றை நாலு பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்புளை ஒட்டிக் குத்தாமல் இரண்டு விரல் தள்ளியே போடுங்கள். ஒரு வாரம் ஒரு பாகம், அடுத்த வாரம் கடிகாரம் சுற்றுகிற திசையில் அடுத்த பாகம். ஒரு பாகத்துக்குள்ளும் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. காலண்டர் தாளில் கிழமைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள், போதும். கட்டி வடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஊசி விஷயம். அது ஒருமுறைக்கு ஒன்று என்றுதான் செய்யப்படுகிறது. வழுக்கிக்கொண்டு போவதற்காக முனையில் சிலிக்கான் எண்ணெய் பூசியிருப்பார்கள். முதல் குத்திலேயே அது குறையத் தொடங்குகிறது. பத்து நாள் போட்ட ஊசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனை தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். வலித்தபிறகு மாற்றுகிறேன் என்கிறீர்கள். வலி தெரியும்முன்பே அது உங்கள் தோலுக்கடியில் கிழித்துக்கொண்டு இருந்திருக்கிறது. காசு இடிக்கும் என்று தெரியும், உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் 22-லிருந்து 38-க்கு ஏறிய மருந்துக்கும் நீங்கள்தானே காசு கொடுத்தீர்கள்?

இன்னொன்று: ஊசியைப் பேனாவிலேயே மாட்டி வைக்காதீர்கள். வெயிலில் மருந்து விரிந்து சொட்டும், குளிர்ந்தால் காற்றை உள்ளே இழுக்கும். உங்கள் மருந்து கலங்கலானதாக இருந்தால் அதன் வீரியமும் மாறிப்போகும். அப்படிக் கலங்கலான மருந்தைப் போடும்முன் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாக்கி நிமிர்த்த வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குண்டு ஓடும். பால் மாதிரி ஒரே வெள்ளையாக ஆகும்வரை விடாதீர்கள். குலுக்கக் கூடாது, நுரை கட்டும். பிறகு இரண்டு யூனிட் திருகி வெளியே அழுத்தி, முனையில் ஒரு சொட்டு தெரிகிறதா பாருங்கள். தெரிந்த பிறகுதான் உங்கள் அளவு.

என் அப்பாவைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியவில்லை. எழுபதுகளில் அவர் கண்ணாடி சிரிஞ்சு வைத்திருந்தார். விடிகாலையில் வீட்டில் பால் காய்வதற்கு முன் சிரிஞ்சும் எஃகு ஊசியும் எவர்சில்வர் கிண்ணத்தில் வேகும். அந்தக் காலத்து இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. அவர் இரண்டு தொடையிலும் கட்டிக்குப் பதில் குழி விழுந்திருந்தது, என் கட்டைவிரல் புதையும் அளவுக்கு. மருந்து இன்னும் சுத்தமானதும் குழி விழுவது அரிதாகிவிட்டது. கட்டி மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது மருந்தின் சுத்தத்தைவிடக் கையின் பழக்கத்தால் வருவது. சின்ன வயதில் அந்தக் குழிகளைப் பார்த்ததால்தான், வருகிறவர் சட்டையைத் தூக்கச் சொல்லித் தொட்டுப் பார்க்காமல் ஒருவரையும் நான் அனுப்பியதில்லை.

"அம்மாவுக்கு 20 யூனிட் இன்சுலின், பாட்டிலில் இருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடுகிறோம். வழக்கமான சிகப்பு மூடி சிரிஞ்சு கிடைக்கவில்லை என்று கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். 20 கோடு வரைதான் எடுத்தோம். ஒரு வாரத்தில் சர்க்கரை 400 தாண்டிவிட்டது." (வாசகர், திருப்பூர்)

தம்பி, இதைப் படித்தவுடன் முதலில் பதில் எழுதியது உங்களுக்குத்தான். இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது என்று தபாலிலும் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்பு உயிரைக் குடிக்கக்கூடியது.

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. பாட்டிலில் வருவது பெரும்பாலும் யு-40. ஒரு மில்லியில் 40 யூனிட். பேனாவில் வருவது பெரும்பாலும் யு-100. ஒரு மில்லியில் 100 யூனிட். சிகப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் யு-40 மருந்துக்காகப் போட்டவை, ஆரஞ்சு மூடி யு-100-க்காக. ஆரஞ்சு மூடியில் 20 என்ற கோடு 0.2 மில்லியைக் குறிக்கும். உங்கள் பாட்டிலில் அந்த 0.2 மில்லியில் இருப்பது 8 யூனிட்தான். அம்மாவுக்கு ஒரு வாரமாக 20-க்குப் பதில் 8 போயிருக்கிறது. சர்க்கரை 400 தாண்டாமல் என்ன செய்யும்?

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாயிலிருந்து, அதாவது கார்ட்ரிட்ஜிலிருந்து, சிகப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இது நடந்தது. நோயாளியின் பேனா உடைந்துவிட்டது, மருந்தை வீணாக்க வேண்டாமே என்று புதிதாக வந்த பெண் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி எடுத்துவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் அந்தப் பெரியவர் நனைந்த துணி மாதிரி கிடந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணை நான் குற்றம் சொல்லவில்லை. மூடியின் நிறத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் எடுக்கவே கூடாது என்பதை எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

பாட்டில் லேபிளில் 40 என்று இருந்தால் சிரிஞ்சின் உடம்பிலும் 40 என்று இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டால் நிறம் போய்விடும். அதனால் எண்ணையும் படியுங்கள். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று சொன்னால் வாங்காமல் அடுத்த கடைக்கு நடங்கள்.

"வயது 19. டைப் 1 சர்க்கரை, ஹாஸ்டலில் இருக்கிறேன். உடம்பு ஒல்லி, 47 கிலோ. எனக்கு 8 மில்லிமீட்டர் ஊசி கொடுக்கிறார்கள். தொடையில் போட்டுவிட்டுக் கால்பந்து ஆடினால் சர்க்கரை லோ ஆகிவிடுகிறது. 4 மில்லிமீட்டருக்கு மாறலாமா? அப்பாவும் போடுகிறார், 96 கிலோ. அவருக்கு 4 எட்டாது என்கிறார்." (வாசகர், கோவை)

இரண்டு பேருக்கும் 4-தான், தம்பி. அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். பெரியவர்களின் தோல், ஆணானாலும் பெண்ணானாலும், 47 கிலோவானாலும் 96 கிலோவானாலும், ஊசி போடும் இடங்களில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலேதான். மூன்றேகாலைத் தாண்டுவது அபூர்வம். குண்டானவர்களுக்குத் தடிப்பது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு. மருந்து போய்ச் சேர வேண்டியதும் அந்தக் கொழுப்புக்குத்தான். நாலு மில்லிமீட்டர் தோலைத் தாண்டிவிடும், அதற்குமேல் ஆழம் போவதால் லாபம் இல்லை. 2015-ல் ரோம் நகரில் 54 நாடுகளைச் சேர்ந்த 183 வல்லுநர்கள் கூடி விவாதித்து, அடுத்த ஆண்டு வெளியிட்ட பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: உடம்புவாகு எதுவானாலும் பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் பேனா ஊசி.

உங்களுக்கு லோ ஆவதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஒல்லித் தொடையில் கொழுப்பு மெல்லிசு. எட்டு மில்லிமீட்டர் ஊசி அதைத் தாண்டித் தசைக்குள் இறங்கியிருக்கும். தசையில் விழுந்த இன்சுலின் விறுவிறுவென்று ரத்தத்தில் சேரும். அதற்குமேல் ஓடினால் இன்னும் வேகம். ஆட்டத்துக்கு முன் போட வேண்டிய ஊசியைத் தொடையில் போடாதீர்கள், வயிற்றில் போடுங்கள். ஆடும் நாளில் எத்தனை யூனிட் என்பதை டாக்டரிடம் தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். பக்கத்து அறைத் தோழனுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.

நாலு மில்லிமீட்டர் ஊசியை நேராக, செங்குத்தாக இறக்குங்கள். உங்கள் உடம்புக்கு லேசாகத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொள்வது நல்லது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், வேண்டுமானால் நடுவிரல். கை முழுவதையும் வைத்து அள்ளினால் தசையும் சேர்ந்து வந்துவிடும். பேனாவைத் தோல் குழியும் அளவுக்கு அழுத்தாதீர்கள், அழுத்தினால் நாலு ஆறாகிவிடும். பட்டனை முழுதாக அழுத்தியபிறகு பத்து வரை எண்ணுங்கள், அவசரப்படாமல். ஊசி வெளியே வந்தபிறகு கிள்ளின பிடியை விடுங்கள். தேய்க்க வேண்டாம். அப்பாவுக்குக் கிள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஹாஸ்டலில் மீந்துபோன 8 மில்லிமீட்டர் ஊசியையே போட வேண்டி வந்தால், கிள்ளிப் பிடித்து 45 டிகிரி சாய்வாக. பெட்டியில் 31ஜி, 32ஜி என்று ஓர் எண் இருக்கும், அது பருமன். எண் பெரிதானால் ஊசி மெல்லியது. 32ஜி என்பது 0.23 மில்லிமீட்டர். உங்கள் பேனாவில் மாட்டுகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

"கணவருக்கும் எனக்கும் ஒரே இன்சுலின்தான். ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரே பேனாவில் போடலாமா?" (வாசகி, விருதுநகர்)

கூடவே கூடாது. ஊசி உடம்பில் இருக்கும்போதே துளி ரத்தம் பின்னோக்கிக் கார்ட்ரிட்ஜுக்குள் போக வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. புது ஊசி மாட்டினாலும் அது உள்ளேதான் இருக்கும். தாலி கட்டியவரானாலும் பேனா தனித்தனி. பெயர் எழுதி ஒட்டுங்கள்.

"ஸ்பிரிட் பஞ்சு இல்லாமல் போட்டால் சீழ் பிடிக்குமா?" (வாசகர், அரியலூர்)

சோப்புப் போட்டுக் கை கழுவி, போடும் இடம் சுத்தமாக இருந்தால் போதும், ஐயா. ஸ்பிரிட் போடுகிறீர்கள் என்றால் அது காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்துவதால்தான் பலருக்கு எரிகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற மருந்தும் வலிக்கும், அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். சட்டைக்கு மேலாகக் குத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

"எட்டு மாதக் கர்ப்பம். முன்பு இரண்டு முறை கலைந்ததால் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசி தினமும். நர்ஸ் அக்கா வர முடியாததால் நானே போடுகிறேன். சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருக்கிறது, அதை வெளியேற்றுகிறேன். வயிறெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. குழந்தைக்குக் குத்திவிடுமோ என்று தினமும் அழுகிறேன்." (வாசகி, நாகர்கோவில்)

அழாதே மகளே. முதலில் பயத்தைப் போக்குகிறேன். அந்த ஊசி ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நீ கிள்ளிப் பிடிக்கிற கொழுப்பு மடிப்புக்குள்ளேயே அது நின்றுவிடும். குழந்தை அதற்குக் கீழே தசை, கருப்பைச் சுவர், பனிக்குடம் எல்லாவற்றுக்கும் அப்பால் இருக்கிறது. மருந்தும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. அதனால்தான் கர்ப்பத்தில் இந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

காற்றுக் குமிழியை வெளியேற்றாதே. முழு அளவும் நிரப்பி வரும் சிரிஞ்சில் அந்தக் குமிழி வேண்டுமென்றே வைத்தது. மருந்துக்குப் பின்னால் அது போய்க் கடைசித் துளியையும் உள்ளே தள்ளும். நீ குமிழியை வெளியேற்றும்போது மருந்தும் சேர்ந்து சொட்டும். அந்தச் சொட்டு ஊசிமுனையில் ஒட்டிக்கொண்டு தோலைத் தொட்டால் நீலமும் கூடும். சிரிஞ்சில் பாதி அளவுதான் போடச் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. அதை டாக்டரிடம் நேரில் காட்டிச் செய்துகொள்.

சாய்ந்து உட்கார்ந்துகொள். தொப்புளிலிருந்து நாலு விரலாவது தள்ளி, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பக்கவாட்டில் மடிப்பு எடு. நேராக, ஊசி முழுவதும் இறங்கட்டும். மெதுவாக அழுத்து. ஊசி வெளியே வரும்வரை மடிப்பை விடாதே. இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். வயிறு இழுத்துக்கொண்டு பக்கவாட்டில்கூடக் கிள்ள வரவில்லை என்றால் தொடையின் வெளிப்பக்கம் போடலாமா என்று அடுத்த செக்கப்பில் கேள். குத்திய இடத்தைத் தேய்க்கவே தேய்க்காதே. இந்த மருந்துக்கு அந்த ஒன்றுதான் பாதி நீலத்துக்குக் காரணம். பஞ்சை வைத்து லேசாக அழுத்திப் பிடித்தால் போதும். கொஞ்சம் நீலம் எல்லாருக்கும் வரும். ஆனால் குத்திய இடம் உருண்டு வீங்கிக்கொண்டே போனாலோ, மூக்கிலோ ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தாலோ, கீழே ரத்தப்போக்கு என்றாலோ உடனே போக வேண்டும்.

முக்கியமானது ஒன்று. பிரசவ வலி எடுக்க ஆரம்பித்ததாகத் தோன்றினால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய். போனவுடன் 'கடைசி ஊசி இத்தனை மணிக்குப் போட்டேன்' என்று சொல். முதுகில் மயக்க ஊசி போடலாமா என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் நீயே பெரிதாக எழுதி வை.

"ஃப்ரிட்ஜ் இல்லை. ராமேஸ்வரம் பக்கம், ஓலைக் கூரை வீடு. இன்சுலின் பாட்டிலை எங்கே வைப்பது?" (வாசகர், தங்கச்சிமடம்)

ஒரு பெரிய மண்பானை, அதற்குள் ஒரு சின்னப் பானை, நடுவில் ஆற்று மணல். மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள். மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் மதுரையில் குளிர்கிற அளவுக்கு அங்கே குளிராது. காற்று நன்றாகப் படுகிற மூலையாகப் பாருங்கள். உபயோகத்தில் இருக்கும் பாட்டில் 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நாலு வாரம் தாங்கும். திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். ஒரு பாட்டிலுக்கு மேல் வாங்கி இருப்பு வைக்காதீர்கள். திறக்காத பாட்டிலுக்கு 2-லிருந்து 8 டிகிரி வேண்டும், அது பானையில் வராது. தெளிந்த மருந்து கலங்கினாலோ, கலங்கல் மருந்தில் திப்பிதிப்பியாக ஒட்டினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். ஐஸ் பெட்டியில் மீனோடு வைப்பது உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா. ஒருமுறை உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் மருந்தாக வேலை செய்யாது.

"என் அம்மா தூய்மைப் பணியாளர். போன மாதம் குப்பை பிரிக்கும்போது கையுறையைத் துளைத்து ஒரு பேனா ஊசி விரலில் ஏறிவிட்டது. யாருடையது என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை தம்பிக்குச் சோறு ஊட்டக்கூட அம்மா பயப்படுகிறார். ஊசி போடுகிறவர்களிடம் நீங்கள் சொல்வீர்களா?" (கல்லூரி மாணவி, சேலம்)

சொல்கிறேன் மகளே. முதலில் அம்மாவிடம் சொல்: சோறு ஊட்டுவதால் எதுவும் தம்பிக்கு வராது. கட்டிக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போட்டார்களா என்று கேள். இல்லையென்றால் இப்போதே கேட்டுப் போடச் சொல். அம்மாவோடு வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடு. இப்படி ஊசி ஏறினால் விரலைப் பிழியாமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த நிமிஷமே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. ஷிப்ட் முடியட்டும், மேஸ்திரி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி ஊசி போடுகிற உங்கள் எல்லாருக்கும். தினம் இரண்டு ஊசி என்றால் ஒரு வருஷத்தில் 730 ஊசிகள் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகின்றன. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் அபாயகரமான வீட்டுக் கழிவு என்று தனியாகப் பிரித்துச் சொன்னவை. மக்கும் குப்பையிலும் போடக் கூடாது, மக்காத குப்பையிலும் போடக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவமோ பினாயிலோ வந்த கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடியோடு ஒன்று எடுத்து வையுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி அதைத் துளைக்கும். போட்டு முடித்த கையோடு ஊசியைக் கழற்றி அதில் போடுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, மேலே 'ஊசி இருக்கிறது, திறக்காதீர்கள்' என்று தமிழில் எழுதுங்கள். நீங்கள் காட்டிக்கொள்ளும் ஆஸ்பத்திரியிலோ ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ மருத்துவக் கழிவுக்குத் தனித் தொட்டி வைத்திருப்பார்கள். கேட்டு அங்கே கொடுங்கள். வாங்க மறுத்தால், வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரைக் கூப்பிட்டு, இதில் ஊசி இருக்கிறது என்று வாயால் சொல்லி, தனியாகக் கையில் கொடுங்கள்.

சேலத்துப் பெண்ணே, உன் அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடு. எந்தத் தேதியில் பார்க்கிறார்கள் என்று மட்டும் இப்போதே எழுது. அன்றைக்கு நான் பஸ் ஏறி வந்து, முடிவு வாங்கும்வரை அவரோடு உட்கார்ந்திருக்கிறேன்.